அரை உருண்டைக் களி

காரிமங்கலம்
12-2-1941

என் பிரியமுள்ள மாமாவுக்கு,

நானும் அத்தையும் சுகம். பூனாவில் பட்டாளத்து லாரியை மெதுவாக ஓட்டுங்கள், உங்கள் வேகம் எனக்குத் தெரியும்.

வயிற்றில் இருப்பதற்கு ஏழாம் மாதம். அத்தை வேளைக்கு அரை உருண்டைக் களிதான் போடுகிறார். "மொத ரெண்டும் அத்தாம் பெருசா இருந்துதான் போச்சுங்க. இதாச்சும் சிறுசா பொறக்கட்டும் கண்ணு" என்கிறார். பசியில் காது அடைக்கிறது. எத்தனை சொம்பு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. ஆனாலும் வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது. முழு உருண்டை போடச் சொல்லி ஒரு வரி எழுதக்கூடாதா?

உங்கள் மாது

பூனா
21-2-1941

அன்புள்ள மாதுவுக்கு,

அம்மா ஆறு பெற்றவள், அவளுக்குத் தெரியாததா? முதல் பிள்ளை பெருத்துப்போய், வெளியே வர முடியாமல் மூச்சுமுட்டிச் செத்தான். இரண்டாவது ஒரே நாள் இருந்தான். உன் உடம்பும் உன் வாயும் உனக்கே தெரியும். இன்னும் இரண்டு மாதம் வாயைக் கட்டு. மூன்றாவது குழி தோண்ட என்னால் முடியாது.

தீர்த்தகிரி

காரிமங்கலம்
3-3-1941

மாமாவுக்கு,

குழி தோண்டியது நீங்கள். பால் கட்டிக்கொண்டு கிடந்தது நான். பிள்ளையைத் தின்றவள் என்று ஊர் சொன்னபோது அழுதேன். நீங்களும் சொன்ன பிறகு அழுகைகூட வரவில்லை.

நான் திருடித் தின்னவில்லை. சாமி சத்தியம். போன வருஷத்து ரவிக்கை தோளில் தொங்குகிறது, வந்து பாருங்கள். இன்னொன்றும் கேளுங்கள். மறைப்புக்குள் நான் ஒண்ணுக்குப் போன இடமெல்லாம் எறும்பு மொய்க்கிறது. அத்தை சாம்பல் தூவித் தூவி அலுத்துவிட்டார். பட்டினி கிடப்பவளிடம் எறும்புக்கு என்ன வைத்திருக்கிறது?

மாதம்மாள்

பூனா
12-3-1941

என் மாதுவுக்கு,

கோபித்துக்கொள், ஆனால் இதை முழுக்கப் படி. உன் கடிதத்தை எங்கள் பட்டாளத்து டாக்டரிடம் படித்துச் சொன்னேன். எறும்பு என்றதும் எழுந்து நின்றுவிட்டார். சர்க்கரை வியாதியாக இருக்கும், அதனால்தான் பிள்ளைகள் பெருத்திருக்கும், ஒரு நாளும் தாமதிக்காதே என்றார். உன் அண்ணன் பச்சியப்பனுக்குத் தந்தி அடித்துவிட்டேன். அவரோடு சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போ. லீவு கேட்டேன், தரவில்லை.

நான் எழுதிய பாவத்தை எங்கே போய்க் கழுவுவேன்?

தீர்த்தகிரி

சேலம்
26-3-1941

என் மாமாவுக்கு,

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். தினம் இரண்டு ஊசி. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உடம்புக்குள் தானாக ஊற வேண்டிய ஒரு சாறு எனக்குப் போதவில்லையாம். அதனால் என் ரத்தத்தில் தேங்குகிற சர்க்கரை பிள்ளைக்குப் போய், பிள்ளை அளவுக்கு மீறிக் கொழுத்துவிடுகிறது. ஊசி மருந்து அந்தச் சாறுதான், பெயர் இன்சுலின். இளைப்பதற்கு முன் நான் இருந்ததுபோலப் பருத்த உடம்புக்காரிகளுக்கு இது வருவது அதிகமாம். "ஒன் குத்தம் இல்லம்மா" என்று அவர் சொன்னதும் வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

என்ன குடித்தாய் என்று கேட்டார். நான் பசியில் துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அத்தை சொம்பு சொம்பாக வெல்லத் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததைச் சொன்னேன். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். வியாதி ஏற்கெனவே இருந்தது, வெல்லம் அதைக் கூட்டிவிட்டது என்றார்.

உங்கள் மாது

பூனா
4-4-1941

அன்புள்ள மாதுவுக்கு,

படித்ததும் ரத்தம் கொதித்துவிட்டது. களியைக் குறைத்துவிட்டு வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்தாளா? அம்மாவுக்கு இன்றே எழுதிவிட்டேன். எழுத்துத் தெரியாதவளுக்கு நம்மூர் வாத்தியார் படித்துச் சொல்லட்டும், நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

தீர்த்தகிரி

சேலம்
18-4-1941

என் மாமாவுக்கு,

நாலு நாளைக்கு முன் பெண் பிறந்தாள். ஆறு பவுண்டு. தொண்டை கிழிய அழுகிறாள். பயம் நீங்கிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

நேற்று அத்தை வந்தார். பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டு, உங்கள் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "வாத்தியாரு வாயால கேட்டா ஊருக்கே தெரிஞ்சுடும். நீயே படி கண்ணு" என்றார்.

முதல் வரியை மனதுக்குள் படித்தேன். பிள்ளைகளைக் கொன்றவள் என்று பெற்றவளுக்கு எழுத எப்படி மனம் வந்தது? அந்தப் பேச்சை நான் சுமந்தவள், அதன் கனம் எனக்குத் தெரியும். "அம்மா, நான் இல்லாத குறையே தெரியாமல் மாதுவைப் பார்த்துக்கொண்டாய், உனக்குக் கோடிப் புண்ணியம்" என்று படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அதையே படித்தேன். "எம் மவன் இப்படியெல்லாம் எழுதுவான்னு நெனைக்கவே இல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெல்லம் இனி எனக்கு ஆகாது என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஊருக்குப் போனதும் அந்தக் கடிதத்தை வாத்தியாரிடம் காட்டிப் பெருமைப்பட வேண்டுமாம். எங்கேயோ வைத்துவிட்டேன், தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் எங்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் நான் படித்ததை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள், மாமா. மேலே பழைய தேதியைப் போடுங்கள்.

உங்கள் மாது