மருத்துவச்சி எழினிமங்கையைச் சிறைவிடுத்து அனுப்பிய ஓலை

மழை பருவம் தவறாது பொழிக. மணிநீர் ஆறு வற்றாது ஓடுக. ஓங்கெயில் மாநகரின் கதவங்கள் பகைக்கு அடைத்தும் பசிக்குத் திறந்தும் நிற்க. சுரமலை நாடுடைய கோமான், கணவாய் காத்த பெருவேந்தர், பெருஞ்சேந்தர் மொழிந்தருள, ஓலைநாயகம் சாத்தங்கொற்றன் எழுதியது. மணிநீர்நாட்டு அரியணையில் புதிதாய் அமர்ந்த மருகர் இளவேழர், அமைச்சரும் படைத்தலைவரும் சூழ்ந்திருக்கக் கேட்டருள்க.

தாயை இழந்த மகனுக்குத் தங்கையை இழந்த மாமன் முதலில் ஆறுதல் உரைப்பதே முறை. அதற்கு முன்னே சொல்லியாக வேண்டிய செய்தி ஒன்று உளதாகையால் முறை பிறழ்கிறது. பொறுத்தருள்க.

தங்கள் அன்னையார் நீலவேண்மாள் தேவியாரின் சாம்பலில் ஒரு பங்கைப் பிறந்த நாட்டு ஆற்றில் கரைக்க வேண்டுமென்ற அவர்தம் விருப்பப்படி, மருத்துவச்சி எழினிமங்கை கலயமேந்தி இந்நாடு வந்தார். கோமான் ஆற்றங்கரைக்கு நடந்தே சென்று கலயத்தை வாங்கினார். இத்தனை பெரிய தங்கை இத்தனை சிறிய கலயத்தில் எப்படி அடங்கினாள் என்று ஒருமுறை கேட்டார். நீர்க்கடன் முடிந்து ஈர ஆடையோடு கரையேறியதும், மருத்துவச்சியைச் சிறைப்பிடிக்க ஆணையிட்டார்.

கோமானின் சினத்துக்குக் காரணம் இருந்தது. தேவியாரின் காலில் புண் முற்றியதென்று கேட்டபோது அவர் தம் அரண்மனை மருத்துவர் மாவலூர் வில்லவனாரை ஓங்கெயிலுக்கு அனுப்பியிருந்தார். புண்ணைச் சுட்டுத் தூய்மை செய்தாயிற்று, தேவியார் நலமே என்று வில்லவனார் மீண்டுவந்து உரைத்தார். அடுத்த அறுவடைக்குள் இறப்புச் செய்தி வந்தது. நலமாயிருந்த தங்கையை இடையில் கெடுத்தவர் அருகிருந்த மருத்துவச்சியே எனக் கோமான் உறுதிகொண்டார்.

மறுநாள் அவை கூடியது. எழினிமங்கை விலங்கோடு நிறுத்தப்பட்டார். நடுவயதினர், மெலிந்த உடல், கைவிரல்களில் பச்சிலைக் கறை. அச்சம் அவரிடம் இல்லை, களைப்பு இருந்தது.

"என் தங்கையைக் கொன்றது நோயா, உன் கையா?" என்று கோமான் வினவினார்.

அம்மையார் தொடக்கத்திலிருந்தே சொன்னார். மருகர் அறிந்தவையும் இதில் உண்டு. ஆயினும் அவையில் சொன்னபடியே எழுதப்படுகிறது. ஓங்கெயில் நெற்களஞ்சியம் தீப்பற்றிய நாளில், உள்ளே சிக்கிய சுமைகூலிப் பெண்களை மீட்கத் தேவியார் தாமே புகுந்தார். எரிந்த உத்தரம் அவர் வலக்கணைக்காலில் விழுந்தது. கால் சிவந்து வீங்கிக் கொதித்தபோது, அந்தக் கொதிப்பை உடனே தணி என்று அரண்மனையே அலறிற்றாம். எழினிமங்கை மறுத்தார்.

"அரசே, காயம் பட்ட இடத்துக்கு மருத்துவர் வருமுன்னே ஓடிவருகிறவர்கள் உடம்புக்குள்ளேயே இருக்கிறார்கள். பிறவியிலேயே கூட வந்த காவலர்கள். யார் பகை என்று எவரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. வந்ததும் நஞ்சைக் கொல்வார்கள், தாமும் சாவார்கள். சீழ் என்று நாம் துடைத்தெறிவது பெரும்பாலும் அவர்கள் பிணந்தான். சூடும் சிவப்பும் வீக்கமும் அவர்கள் வேலை செய்கிற அடையாளம். பின்னால் வருகிறவர்கள் செத்ததைத் தின்று இடத்தைத் துப்புரவாக்கி, புதுத் தசைக்கும் புதுக் குருதிவழிக்கும் ஆள் கூப்பிடுவார்கள். அப்படித்தான் புண் மூடும்."

தேவியாரின் புண்ணும் மூடியது, முழுதாக மூடவில்லை. விளிம்பில் ஓரிடம் மழைக்காலந்தோறும் வாய் திறந்தது. தேவியார் அதன்மேல் பட்டுத்துணி சுற்றி, அவையிலும் தேரிலும் அமர்ந்து, கணவரை இழந்த நாட்டை மகன் தலையெடுக்கும்வரை நடத்தினார். ஆண்டுகள் கழிந்தன. வந்த காவலர் திரும்பிப் போகவேயில்லை என்றார் மருத்துவச்சி. எரிப்பவரும் கட்டுபவரும் ஒரே இடத்தில் ஓயாமல் வேலை செய்ய, வளர் வளர் என்று ஏவப்பட்டுக்கொண்டே இருந்த தசையில், நிற்கத் தெரியாத தசை ஒன்று முளைத்தது. கோழிக்கொண்டை போலத் தடித்து, தொட்டால் குருதி கசிந்தது.

"அதைத்தானே உன் காவலர் கொன்றிருக்க வேண்டும்?" என்று கோமான் இடைமறித்தார்.

"கொல்லத்தான் வந்தார்கள், அரசே. சிலர் கொன்றும் பார்த்தார்கள். ஆனால் அந்தக் கட்டி புண்ணைப் போலவே குரல் கொடுக்கும். ஆறாத புண் என்று நம்பி, அவர்களே அதற்குச் சோறூட்டுவார்கள், குருதிக்கு வழி வெட்டிக் கொடுப்பார்கள், கொல்ல வருகிற மற்றவர்களையும் தடுத்து நிறுத்துவார்கள். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆற்றத்தான் நினைக்கிறார்கள்."

அப்படியானால் காலை ஏன் வெட்டி எறியவில்லை என்று கோமான் கேட்டார்.

"அதற்கு விடை சொல்லக்கூடாதென்பது தேவியாரின் ஆணை" என்றார் மருத்துவச்சி.

"சொல்லாவிட்டால் நாளை உன் தலை இருக்காது."

"தெரியும், அரசே."

தண்டனை ஓலைக்கு எழுத்தாணி எடுக்குமாறு அடியேனுக்குக் கையசைத்தார் கோமான். அப்போது மருத்துவர் வரிசையிலிருந்து முதியவர் வில்லவனார் எழுந்தார். தலைப்பாகையைக் கழற்றித் தரையில் வைத்தார்.

"வேந்தே, அந்த அம்மாளை விட்டுவிடுங்கள். நான் போன அன்று கால் வெட்ட எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. தேவியாரும் மனமொப்பிவிட்டார். 'என் தங்கை முடமாகக் கூடாது, தீயால் ஆற்று' என்று தாங்கள் சொல்லியனுப்பியதை நான் சொன்னேன். அண்ணன் சொல்லைத் தட்டமாட்டேன் என்று அவர் அதை நிறுத்திவிட்டார். எழினிமங்கை என் காலைப் பிடித்தார். சுடுந்தோறும் புதுப்புண், புதுப்புண்ணுக்குப் புதுக்காவலர், அவர்கள் கட்டிக்குத்தான் உழைப்பார்கள் என்றார். காவலர் தூங்குகிறார்கள், நெருப்பு எழுப்பும் என்றேன் நான். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பலமுறை சுட்டேன். மேலே கருகியதும் தீர்ந்ததென்று நம்பிப் புறப்பட்டேன். மாதம் போகுமுன் அது இரட்டிப்பாகித் தொடைமூட்டில் நெறிகட்டியதென்று பின்னால் எழுதினார்கள். அதைத் தங்களிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை."

தாம் அன்று சொல்லியனுப்பிய சொல் அப்போதுதான் கோமானுக்கு நினைவில் எழுந்தது. முரசறைவோன் நாழிகை அறைவதற்கு மன்னரின் முகம் பார்த்து, அறையாமல் கோலைத் தாழ்த்தினான். நெடும்பொழுது சென்றபின் கோமான் அரியணையிலிருந்து இறங்கி வந்து, தம் கையாலேயே எழினிமங்கையின் விலங்கை நீக்கினார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"தெரிந்தால் அண்ணன் உயிர் தரிக்கமாட்டார், சொல்லாதே என்று தேவியார் கைப்பிடித்து வாங்கிய உறுதி. இன்றும் நானாகச் சொல்லவில்லை."

"என் தீதான் அவளைக் கொன்றதா?"

கோமானுக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பழிதீர்க்க ஒரு மெய்யும் சொல்லியிருக்கலாம். எழினிமங்கை இரண்டையும் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாது, அரசே. வெட்டியிருந்தால் பிழைத்திருக்கலாம். அதற்குள்ளாகவே வேர் மேலே ஓடியிருக்கவும் கூடும். பார்த்ததை மட்டும் சொல்கிறேன். இரும்பு வைத்தபோதெல்லாம் தேவியார் கத்தவில்லை. சுடுகிறவர் கை நடுங்கியதைக் கண்டு, 'பயப்படாமல் வையுங்கள் ஐயா, இது என் அண்ணன் அனுப்பிய சூடு' என்றார்."

கோமான் அவை நடுவே அமர்ந்து அழுதார். இந்நாட்டு மன்னர் எவரும் அவையில் அழுததாக அடியேன் எழுதியதில்லை. இதையும் எழுதுக என்று அவரே பணித்தமையால் எழுதினேன்.

ஆதலின் கோமானின் ஆணையாவது: எழினிமங்கை அம்மையார் குற்றமற்றவர் என்பது இந்நாட்டு ஊர்தோறும் முரசறைந்து அறிவிக்கப்பட்டது. பொன்னும் ஊரும் கொடுக்க, அவர் ஏற்கவில்லை. வில்லவனாரைத் தண்டியாது விடுக என்று மட்டும் வேண்டினார். அவ்வாறே விடப்பட்டார். அம்மையார் தக்க காவலோடு இவ்வோலையுடன் வருகிறார். தேவியாருக்குத் தந்த சூளுறவு காத்தமைக்காக விலங்கு சுமந்த அவரைத் தங்கள் அன்னையாரின் இடத்தில் வைத்துப் போற்றுக. இச்செய்தியை மறைத்து நட்பைக் காத்துக்கொள்ளக் கோமான் விரும்பவில்லை. இதனைக் கேட்டு மருகர் சினந்து உறவை முறிப்பினும் அது முறையே. சுரமலைப் படை எல்லை கடக்காது. பொறுத்தருள்வீராயின், திதி நாளன்று கோமான் முடியும் குடையும் இன்றித் தங்கள் வாயிலில் வந்து நிற்பார். அழைத்தால் உள்ளே வருவார்.

இவ்வோலைக்கு அரக்கு உருக்கி வைத்தபோது, முத்திரையைக் கோமான் பிறர் கையில் தராது தாமே பதித்தார். நெருப்பருகே அவர் கை நிலைகொள்ளாமையால் இலச்சினையின் புலி உருவம் சிதைந்து விழுந்துள்ளது. போலி என ஐயுறற்க. ஓலை மெய்யே.