விரதத்தின் ஐந்தாம் நாள்

மோர்டன், லண்டன்
13.11.1991

பிரியமுள்ள மெற்றில்டா,

நீ சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். என் சுகம் இங்கே குடிவரவைப் பார்க்கும் ஹோம் ஒபிஸ் கையில். நாற்பத்தேழு வயதில் நான் கலியாணம் செய்ததற்கே வெள்ளவத்தை முழுக்கச் சிரித்தது என்று எழுதியிருந்தாய். இதையும் சொல்லிவிடு, இன்னொருக்கால் சிரிக்கட்டும்.

தங்கச்சியைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்து, அது முடிந்தும் திரும்பாமல் நின்று, பிறகுதானே இவரைக் கட்டினேன்? இவருக்கு இங்கே நிரந்தரமாய் இருக்க உரிமை உண்டு. மனைவி என்று எனக்கும் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். விசா முடிந்தபின் செய்த கலியாணம் என்பதால் அவர்களுக்குச் சந்தேகம். பொய்க் கலியாணம் என்று முடிவெடுத்தால் என்னை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். "சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து பாப்பினம்" என்று லோயர் எச்சரித்திருந்தார்.

ஒருவர் வந்தார். திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு. கந்தசஷ்டி ஐந்தாம் நாள்.

விரத நாளில் புருசனும் பெண்சாதியும் ஒன்றாகப் படுப்பதில்லை என்பது சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரி உனக்கே தெரியும். ஹோம் ஒபிசுக்குத் தெரியுமா? நான் மேலே கட்டிலில். இவர் கீழே ஹோலில், பாயில், போர்வைக்குள் கொழுக்கட்டை மாதிரி.

செம்மீசைக்காரர் அவர். பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதினார். தனித்தனியாகவா படுக்கிறீர்கள் என்று கேட்டார். "ஓம், கடவுளுக்காக" என்று என் பள்ளிக்கூட இங்கிலீசில் சொன்னேன். அதையும் எழுதினார்.

பதினேழு வருசம் லண்டனில் இருந்தும் வெள்ளைக்காரரோடு காலநிலைக்கு மேலே ஒன்றும் கதைக்காத என் மனிசன் எழும்பி, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு இங்கிலீசில் சொன்னார்: "சேர், ஆறு நாள் மட்டும்தான். நாளையோட முடியுது. புதன்கிழமை வந்து பாருங்கோ, நான் மேலேதான் இருப்பன்."

மெற்றில்டா, நிலம் பிளக்காதா என்று பார்த்தேன். வந்தவர் மீசைக்குள் சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. சாப்பாடும் இல்லையா என்று கேட்டார். பாலும் பழமும் மட்டும் என்றேன். "பாவம்" என்று இவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். எந்தப் பட்டினிக்குப் பாவம் பார்த்தாரோ, முருகனுக்கே வெளிச்சம்.

இன்று புதன். பாறணைச் சாப்பாடு முடித்த கையோடு எழுதுகிறேன். இவர் விடியற்காலை தொடக்கம் மேலேயே இருக்கிறார். ஆள் வரக்கூடுமாம்.

உன்
சிவனேஸ்வரி


வெள்ளவத்தை, கொழும்பு
28.11.1991

அன்பின் சிவனேஸ்,

உன் கடிதத்தை முன்வீட்டு டொலறஸ் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். உன் மனிசன் குலசேகரம் அண்ணை "மேலேதான் இருப்பன்" என்று சொன்ன இடத்தில் மனுசி சிரித்துப் பல்லுசெட் மடியில் விழுந்துவிட்டது.

பொய் சொல்லமாட்டேன். உன்னைத் திருப்பி அனுப்பினால் எனக்குச் சந்தோசம்தான். இங்கே மனம்விட்டுக் கதைக்க ஒருத்தரும் இல்லை. ஆனாலும் நீ அங்கேயே நிற்கவேண்டும் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். அரைமனதோடு கொளுத்தியது பலிக்காமல் போய்விடும் என்று இரண்டாய்க் கொளுத்தினேன்.

அன்புடன்
மெற்றில்டா


மோர்டன், லண்டன்
9.3.1993

என் அருமை மெற்றில்டா,

கிடைத்துவிட்டது. முதலில் ஒரு வருசம் தந்து பார்த்தார்கள். நேற்று வந்த கடவுச்சீட்டில், விரும்பிய காலம்வரை இருக்கலாம் என்று முத்திரை. டூட்டிங்குக்குப் போய், கண்ட தமிழர் எல்லோருக்கும் காட்டினேன். மரக்கறிக் கடைக்காரர் விரித்துப் பார்த்து, "அக்கா, படம்தான் சரியில்லை" என்றார்.

ஒன்று தெரியுமா? கலியாணம் கட்டி இரண்டரை வருசமாய் நாங்கள் வாய்விட்டுச் சண்டை பிடித்ததில்லை. சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டுக் கத்தரின், அதுகள் ஒத்துப்போகவில்லை என்று ஹோம் ஒபிசுக்கு எழுதிப்போட்டால்? கோபம் வந்தால் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குசுகுசுப்போம். குசுகுசுத்துச் சண்டை பிடிப்பது பொக்கை வாயால் முறுக்குத் தின்பது மாதிரி.

நேற்றுப் பின்னேரம், ஜன்னலைத் திறந்துவைத்து, முதல் சண்டை. காரணம் நீ. இனிப் போனாலும் திரும்பி வரலாம்தானே, உன்னைப் பார்க்கத் தனிய வரப்போகிறேன் என்றேன்.

"எவ்வளவு நாளைக்கு?"

"மூண்டு கிழமை."

"மூண்டு கிழமையோ? எனக்குத் தனிய இருக்க ஏலாது."

"பதினாறு வருசம் தனியத்தானே இருந்தனீங்கள்?" என்று கத்தரின் வீட்டுப் பூனை ஓடக் கத்தினேன்.

"அப்ப உம்மைத் தெரியாதே."

இதற்கு மேலே எப்படிக் கத்துவது, சொல்லு? ஜன்னலைச் சாத்தினேன்.

சித்திரைப் புதுவருசத்துக்கு இரண்டு பேருமாய் வருகிறோம்.

உன்
சிவனேஸ்வரி குலசேகரம்