மீன் என்று நாம் நினைத்த எழுத்து

இன்று காலை அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில், முன்னால் நின்ற பைக்கின் மட்கார்டில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். வாலை ஊன்றி நிமிர்ந்து நிற்கும் மீன். கண்ணுக்கு நீ வைத்த புள்ளியோடு, நம்முடையதேதான். 'சீ' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பைக்கில் இருந்தவன் தன்னைத்தான் சொல்கிறேன் என்று முறைத்தான்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நாம் இருவரும் டிடிபி கடை நடத்தியபோது, வீராம்பட்டினத்துக் கபடிக் குழு பனியனுக்குப் படம் கேட்டு வந்தது. மீன் வேண்டும், ஆனால் எவனும் போடாத மீனாக வேண்டும் என்றார்கள். கம்ப்யூட்டரில் உலகத்து எழுத்துகளையெல்லாம் அடுக்கியிருக்கும் பட்டியலைத் திறந்து, ரூன் என்ற பழைய ஐரோப்பிய எழுத்துகளில் ஒன்றை நீ பிடித்தாய். "எழுத்துன்னு பாக்காத, மீனுன்னு பாரு" என்றாய். அட, மீனேதான்! அதைப் பெரிதாக்கி, கண் வைத்து, பனியனின் நெஞ்சில் போட்டுக் கொடுத்தோம். இந்த மடலில் அதைத் தட்டச்சு செய்ய எனக்குக் கை வரவில்லை.

பெருமையாக உன் அப்பாவிடம் காட்டப் போனோம். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்சன் வாங்கும் சொல்தா அவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்களிடம் கைதியாக இருந்து மீண்டவர். பனியனைத் தொடவே இல்லை. "இத காலர்ல குத்திக்கினு வந்தவனுங்கதான் என் கூட்டாளிய சுட்டானுங்க. எடுத்துக்கினு போ அப்பால" என்றார்.

அன்றே தேடிப் படித்தாய். ஹிட்லரின் ஆட்கள் சின்னமாகப் போட்டுக்கொண்ட எழுத்துதான் அது. "எழுத்து பாவம்டா. அது பாட்டுக்கு சும்மா இருந்துச்சி. இவனுங்க தொட்டு நாறடிச்சிட்டானுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

"இங்க எவனுக்குடா தெரியும்? வுடு" என்றேன் நான்.

நீ விடவில்லை. வேறு பனியன் அச்சடித்து, ஆட்டக்காரர்களின் வீடு வீடாகப் போய் மாற்றிக் கொடுத்தாய். "நல்லாதாண்ணே கீது" என்று சிரித்தவர்களிடமும் கெஞ்சி வாங்கினாய். கடைக் கம்ப்யூட்டரில் இருந்த ஃபைலை அழிக்கும் வேலையை மட்டும் என்னிடம் விட்டாய்.

அழித்தேன். அழிக்கும் முன் ஒரு சிடியில் ஏற்றி வைத்துக்கொண்டேன். மூலக்குளத்தில் ஸ்டிக்கர் கடை போட்ட என் மச்சினன், "புதுசா எதுனா டிசைன் இருந்தா குடு மாமா" என்றதும் எடுத்து நீட்டினேன். என்னவென்று தெரிந்தேதான் நீட்டினேன். ஊரெல்லாம் அது ஒட்டிக்கொண்டிருந்தபோது நீ ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தாய். அதைப் பார்க்காமலே நீ போனதில் எனக்கு ஒரு நிம்மதி. த்தூ! அதுவும் ஒரு நிம்மதியா?

உன்னைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள கூட நின்னு அந்தக் கருமத்த அழிச்சவன் நீதான் தம்பி. அத நான் மறக்கமாட்டேன்" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

போன வருடம், நூறை நெருங்கிய வயதில், அவரும் போய்விட்டார். அவர் எனக்குச் சொன்ன நன்றி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. யாரிடம் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பேன், சொல்.