ஜிம்மியின் கால் துடைக்கும் துணி

அன்புள்ள அத்தைக்கு,

இன்று காலை துணி தீர்ந்துவிட்டது. ஜிம்மியின் கால்களைத் துடைக்க நீங்கள் கிழித்து வைத்துவிட்டுப் போன வாயில் புடவைத் துண்டுகளில் கடைசியும் நைந்து நூலாகிவிட்டது. வேறு வழியில்லாமல் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. வாசலில் படுத்திருந்த ஜிம்மி எழுந்து ஓடிவந்து, பெட்டிக்குள் தலையை நுழைத்து மோந்து பார்த்து, வாலை ஆட்டிவிட்டு அடுக்கடுக்காகத் தும்மினான். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஒரு புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நேரில் சொல்லாததை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

மாமா இறந்தபின் நீங்கள் எங்களோடு வந்து தங்கிய முதல் சில வருடங்களில், நாம் இருவரும் பேசிக்கொண்டதை எல்லாம் ஒரு அஞ்சல் அட்டையில் எழுதிவிடலாம். "சாப்டீங்களா மாப்ள?" "சாப்டேன் அத்தை." அவ்வளவுதான். நான் வானூரில் வேலை முடிந்து பஸ் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், நீங்கள் கூடத்தை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவீர்கள். மரியாதைதான். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் இருப்பதுபோல இருந்தது. நடுவில் ஸ்டெல்லா, உங்களுக்கு மகளாகவும் எனக்கு மனைவியாகவும் இரண்டு பக்கமும் தபால் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் உங்கள் மகன் துபாய்க்குக் கிளம்பும்போது, தான் வளர்த்த லாப்ரடாரைக் கொண்டுவந்து நம் வீட்டில் விட்டான். அவன் போன கார் தெருமுனை திரும்பியதும் நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "மொதல்ல நான் வந்தேன், இப்ப நாயும் வந்துட்ச்சி. பாவம் மாப்ள நீங்க." உங்களுக்குக் கேலி பேச வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தை மாதம் வரை ஜிம்மி நன்றாகத்தான் இருந்தான். காலையில் உப்பளத்து வரப்பில் உங்களோடு நடந்துவிட்டு வருவான். மழை விட்டு, வரப்புப் புல் பூவெடுத்து, வேலிகாத்தான் மரங்களும் பூக்கத் தொடங்கியதும் ஆரம்பித்தது அரிப்பு. காதைச் சொறிவான், பாதத்தை நக்குவான், சுவரில் முதுகைத் தேய்ப்பான். அடிவயிறு சிவந்து, அக்குளில் முடி கொட்டியது. பார்த்தவுடன் நீங்கள் தீர்ப்பு சொல்லிவிட்டீர்கள். "சொறிதான். உப்புத் தண்ணியில ஒரு முழுக்கு போட்டா ஓடிப்பூடும்." உப்பளத்துக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு உப்பை விட்டால் வேறு மருந்து ஏது?

அந்த ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோயிலுக்குக் கட்டிய புடவையோடு நீங்கள் முன்னே நடக்க, நான் ஜிம்மியைப் பிடித்துக்கொண்டு பின்னே வந்தேன். உப்பு விளைகிற நேரம் அது. பாத்தித் தண்ணீர் கெட்டியாக, காலில் பட்டால் வெள்ளையாகக் காயும். அதில் இரண்டு செம்பு மொண்டு அவன் வயிற்றில் ஊற்றினீர்கள். அவன் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. என் பிடியை உதறிக்கொண்டு வரப்போடு ஓடியே போய்விட்டான். உச்சி வெயிலில் தேடி, ஒரு உப்புக் குவியலின் நிழலில் அவன் நடுங்கிக்கொண்டு கிடந்ததைக் கண்டுபிடித்தோம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும், குடிக்கப் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீர் கேன்களை ஒன்றுவிடாமல் அவன்மேல் கவிழ்த்தீர்கள். "என்ன மன்னிச்சிட்றா, என்ன மன்னிச்சிட்றா" என்று நாயிடம் கெஞ்சினீர்கள். மருமகனுக்கு எதிரில் அழக்கூடாது என்ற நினைப்பெல்லாம் அன்று உங்களுக்கு இல்லை.

மறுநாளே புதுச்சேரிக்குப் போனோம். தோலைச் சுரண்டிப் பார்த்த கால்நடை மருத்துவர், "இது சொறி இல்லீங்கம்மா, அலர்ஜி. பூந்தூள், புல்லு, வூட்டுத் தூசி, இதெல்லாம் இவனுக்கு ஒத்துக்கல. வேற யாருக்கும் ஒட்டாது" என்றார். எப்போது குணமாகும் என்று நீங்கள் கேட்டதற்கு, முழுக்கக் குணமாகாது, கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் சோர்ந்துபோனேன். நீங்கள் கொஞ்ச நேரம் ஜிம்மியையே பார்த்தீர்கள். பிறகு, "சரி, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டுக்குக் கையை நீட்டினீர்கள்.

அந்த "பாத்துக்கலாம்" உங்கள் வாயில் சும்மா வந்த வார்த்தை இல்லை. வரப்பு நடை நின்றது. கடற்கரை ஈரமணலில் நடை, வந்ததும் நல்ல தண்ணீரில் அலசல். எப்போது வெளியே போய் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, ஈரத்துணியால் கால், வயிறு, பிறகு உலர்ந்த துணியால் விரல் இடுக்கு. மருந்து ஷாம்பு போட்டால் உடனே கழுவக்கூடாது, நுரை ஊற வேண்டும். அதுவரை அவன் உதறாமல் இருக்க நீங்கள் பாட்டுப் பாட வேண்டும். அவன் விரிப்பு வெந்நீரில் அலசப்பட்டு மொட்டைமாடி வெயிலில் காய்ந்தது. மாத்திரை இட்லிக்குள் போனது. இடதுபக்கம் நீங்கள், வலதுபக்கம் நான் என்று பங்கு பிரித்துத் துடைத்த அந்த மாலைகளில்தான் நாம் பேசத் தொடங்கினோம். மாமாவைப் பற்றி, உப்பு விலை போகாத வருடங்களைப் பற்றி, எனக்கு ஆகாத என் மேலதிகாரியைப் பற்றி.

ஆனால் தெரு ஒத்துக்கொள்ளவில்லை. நம் தெருவில் அன்பியக் கூட்டம் வாரம் ஒரு வீடாகச் சுற்றி வரும். எல்லாரும் கூடி ஜெபித்து, தேநீர் குடித்துப் போவார்கள். உங்களுக்கு அதுதான் திருவிழா. நம் வீட்டு முறை வந்தபோது, கூட்டத்தை நடத்துகிற பிலோமினா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, சொறிநாய வூட்ல வெச்சிகினு எப்பிடிக்கா ஜனங்க வரும்? கீழ்புத்துப்பட்டு பக்கமா ராவோட ராவா வுட்டுட்டா எங்கனா பொழைச்சிக்குது."

"ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"டாக்டரு சொல்வாரு. வர்றவங்க பயப்படறாங்களே."

நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் விட்டுக்கொடுத்துவிடுவீர்கள் என்றே நினைத்தேன். கோயிலும் அன்பியமும் இல்லாமல் உங்களுக்கு வேறு உலகம் இல்லை. நீங்களோ, "அப்ப எங்க வூட்டுக்கு வர வேணாம். நாய் இங்கதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தீர்கள். வந்தபின் அடுப்படியில் வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் நின்றீர்கள். அன்று மாலை நாம் மூன்று பேர் மட்டும் செபமாலை சொன்னோம். "அருள் நிறைந்த மரியே... டேய், நக்காதடா... வாழ்க" என்று நீங்கள் சொன்னபோது ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நம் வீட்டு முறை மறுபடியும் வருவதற்குள் நீங்களே பிலோமினா வீட்டுக்குப் போனீர்கள். "நீ எறா துன்னுட்டு ஒடம்பெல்லாம் தடிச்சி சொறிஞ்சிகினு நிக்கிறியே, ஒன்ன யாரு எங்க கொண்டும்போய் வுட்டாங்க? அதுக்கும் இதே நோவுதாண்டி" என்று கேட்டீர்களாம். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நம் முறை வந்த வாரம் தெருவே நம் வீட்டுக்கு வந்தது. பிலோமினா மட்டும் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஜெபித்தார்.

கடைசி மாதங்களில் நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். ஸ்டெல்லா பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போய்விட்டால், லீவு போட்டிருந்த நான்தான் கூட இருந்தேன். வீங்கிய உங்கள் கால்களை நான் துடைக்க வந்தபோது வெட்கப்பட்டுப் போர்வையை இழுத்தீர்கள். "மாப்ள கையால காலு தொடறது பாவம்" என்றீர்கள். "பழகின கைதான் அத்தை" என்றேன். அதற்குமேல் நீங்கள் தடுக்கவில்லை. பெற்ற தாய்க்கு இதைச் செய்ய எனக்கு வாய்க்கவில்லை. உங்களுக்குச் செய்யக் கிடைத்தது. ஒரு நோயாளி உடம்பை முகம் சுளிக்காமல் தொட என் கைகளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு என் நன்றி, அத்தை.

ஒருநாள் துடைத்து முடித்ததும் கேட்டீர்கள்: "எனக்கப்பறம் இவன் எங்க போவான் மாப்ள?" கட்டிலுக்கடியில் அவன் படுத்திருந்தான். "எங்கியும் போமாட்டான். இது அவன் வூடு" என்றேன். "அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். பாரம் இறங்கிய முகமாக இருந்தது.

இப்போது மறுபடியும் வேலிகாத்தான் பூக்கத் தொடங்கிவிட்டது. ஜிம்மிக்கு முகவாய் நரைத்திருக்கிறது. பாதத்தை நக்க ஆரம்பித்துவிட்டான். முன்பெல்லாம் இந்தச் சமயம் வந்தால் எனக்குப் பதற்றமாக இருக்கும். இப்போது ஷாம்பு வாங்கி வைக்கிறேன், அவ்வளவுதான். தீராத ஒன்றோடு சலிக்காமல் இருக்கலாம் என்பது உங்களிடமிருந்து எனக்கு வந்த சொத்து.

நேற்று மாலை வாசலில் அவனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா வந்து நின்று, "யார்கிட்ட பேசிகினு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"உங்கம்மாகிட்ட."

நீங்கள் போனதிலிருந்து ஜிம்மியின் பக்கமே வராதவள், புடவையைச் செருகிக்கொண்டு இடதுபக்கம் வந்து உட்கார்ந்து, அவன் காலைத் தூக்கிப் பிடித்தாள்.