போர்வையின் மறுமுனை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நர்ஸம்மாவின் நினைவுக் கூட்டத்தில் நீங்கள் பேசப்போவதைப் பெரியம்மா தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நர்ஸம்மா போன பிறகு, அவர் நமக்குத் தியானம் சொல்லிக்கொடுத்த மாடி அறை பூட்டியே கிடக்கிறது. வாசலில் அவருடைய வெள்ளைச் செருப்பை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

எனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். யாரிடமும் சொல்லாததை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் நமசிவாயதான், சொல்லும் விதம் அவரவர் இஷ்டம் என்பார் இல்லையா? நீங்கள் கண்ணை மூடி, மூச்சோடு சேர்த்து மனசுக்குள் சொல்வீர்கள். தையல்கார மாமா உதட்டை மட்டும் அசைப்பார். (அவர் ஜபிக்கிறாரா தூங்குகிறாரா என்று நாம் பந்தயம் கட்டுவோமே!) எனக்கோ கண்ணை மூடினாலே பயம். திறக்கும்போது எல்லோரும் போயிருப்பார்கள் என்று தோன்றும். அப்பா வீட்டை விட்டுப் போனது நான் தூங்கும்போதுதானே. ஒருநாள் நர்ஸம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப மூடாதே. வா, இந்தப் போர்வையைப் பிடி" என்றார்.

ஆளுக்கு இரண்டு முனை. ஓர் எழுத்துக்கு ஓர் அடி. ந, ம, சி, வா என்று நடந்து 'ய' வரும்போது நடுவில் நேருக்கு நேர் நிற்போம். விரல்கள் தொட்டுக்கொள்ளும். "பாத்தியா, நான் இங்கதானே இருக்கேன்" என்பார்.

உங்களைப் பற்றியும் ஒன்று சொன்னார். நேரில் வாருங்கள், சொல்கிறேன். எழுதினால் சுவை போய்விடும்.

ஆசையுடன்,
உங்கள் குருவி


மார்ச் 19

அக்காவுக்கு,

கூட்டம் முடிந்ததும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

மைக்கில் "சின்ன வயசுல எனக்குக் கண்ணை மூடினாலே பயம்" என்று ஆரம்பித்தீர்கள். முடிவில் "இது என் தங்கச்சியோட ஞாபகம்" என்பீர்கள் என்று காத்திருந்தேன். போர்வை வந்தது. விரல் வந்தது. நான் மட்டும் வரவில்லை.

தையல்கார மாமா தேம்பித் தேம்பி அழுதார். அம்மா என் தொடையில் தட்டி, "பாருடி, அவளுக்கு எவ்வளவு ஞாபகம்! நீயும்தான் போனே, என்னத்தைக் கண்டே?" என்றார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். அப்பா விஷயத்தை விட்டுவிட்டு, போர்வையைப் பற்றித்தான் நானும் பேசுவதாக இருந்தேன். மேடையேறி, "நர்ஸம்மா ரொம்ப நல்லவங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஏன் அக்கா?

குருவி


மார்ச் 27

என் செல்லக் குருவிக்கு,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையடி. அத்தனை வருஷம் முன்வரிசையில் நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மா என் பக்கம் வந்ததே இல்லை. வந்தாரோ என்னவோ, நான்தான் பார்க்கவில்லை. மைக் முன்னால் நின்றதும் உன் கடிதம் தானாக வாயில் வந்துவிட்டது. எல்லோரும் அழ ஆரம்பித்த பிறகு எப்படி நிறுத்துவது? நமக்குள் உன்னது என்னது என்று உண்டா?

சித்தியிடம் சொல்லிவிடாதே, என் மானம் போய்விடும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர் என்னைப் பற்றி ஏதோ சொன்னார் என்றாயே, அதை எழுதேன். ஒரு வரியானாலும் போதும். எனக்கென்று அதாவது இருக்கட்டும்.

உன் அக்கா


ஏப்ரல் 5

வணக்கம்.

தானாக வாயில் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் காகிதத்தைப் பார்த்துப் படித்தீர்கள். நான் முதல் வரிசையில் இருந்தேன், கண்ணைத் திறந்துகொண்டு.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பமாட்டார். நேற்று துவைத்த துணியை மடிக்கும்போது, போர்வையின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே ஓரடி வைத்தேன். அம்மா சிரித்துவிட்டார். "அடேயப்பா, அப்படியே அக்காவைப் பாத்துச் செய்யறியே!" போர்வையைக் கீழே போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு மந்திரம் சொல்ல வாய் வரவில்லை. 'ந' என்றாலே மைக்கில் உங்கள் குரல்தான் கேட்கிறது.

நர்ஸம்மா உங்களைப் பற்றிச் சொன்னதை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். நல்லதைத்தான் சொன்னார். நீங்கள் கேட்டால் அழுதுவிடுவீர்கள், அவ்வளவு நல்லது. பாதி எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அவரிடமிருந்து யாருக்கும் தெரியாததாக என்னிடம் இப்போது மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சித்தியின் மகள்