கெட்டிமேளத்தோடு திறந்த மடிக்கணினி

இன்று காலை ஊசி நூல் தேடப்போய், அலமாரியில் உன் பூப்பின்னல் துணி கையில் அகப்பட்டது. நடுவில் அந்தத் தீய்ந்த வட்டம் அப்படியே இருக்கிறது. மோந்து பார்த்தேன். வாசனை ஒன்றும் இல்லை டி.

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் புடவைக் கடைக்கு மேலே ஒரு மாடியறை. நீயும் நானும் கல்யாணக் கார்டு தயாரித்துப் பிழைத்த தொண்ணூறுகள். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய மடிக்கணினி. அதன் பொத்தானைத் தட்டிவிட்டு டீ கலக்கிக் குடித்து முடித்தாலும் திறக்காது. கிள்ளானிலிருந்து கார்டு பார்க்க வந்தவர்கள் நாற்காலியில் நெளிவார்கள். ஒருவழியாகத் திறக்கும்போது அதிலிருந்து கெட்டிமேளம் வேறு முழங்கும்! உன் ஏற்பாடு. வந்தவர்கள் முகம் மலரும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நல்ல காரியத்துக்குக் கார்டு அடிக்கிறோம், மங்களமா திறக்கட்டும் லா. நீ ஏன் கால்ல சுடுதண்ணி ஊத்திக்கிட்டு நிக்கிற?" என்பாய்.

மாலையில் அதைச் சார்ஜில் போட்டுவிட்டு அறையைப் பூட்டுவோம். காப்பார் ஊரில் உங்கள் வீட்டில் டிவிக்குப் போர்த்துகிற மாதிரி அதற்கும் இந்தத் துணியைப் போர்த்துவாய். தூசி படக் கூடாதாம். ஒரு காலை கதவைத் திறந்தால் பிளாஸ்டிக் தீய்கிற நாற்றம். துணி கருகியிருந்தது. "ஐயோ, கீழ கடை முழுக்கப் புடவைடி!" என்று நான் கத்தினேன். நீ பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

அன்றோடு ராத்திரி சார்ஜ் நின்றது. பகலில், கண்ணெதிரே மட்டும்தான். அடியில் காற்று போகட்டும் என்று நீ இட்லித் தட்டைக் கொண்டுவந்து கவிழ்த்து, அதன்மேல் கணினியை உட்கார வைத்தாய். நான் என் பங்குக்கு, திறக்கும்போதே தானாக ஓடிய நாள்காட்டி, கடிகாரம், சீட்டாட்டம் எல்லாவற்றையும் தூக்கினேன். மேளத்தில் கை வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"இத மட்டும் விட்டுடு லா."

விட்டுவிட்டேன். பாதி டீ குடிப்பதற்குள் திறந்தது. அதற்கே நாம் துள்ளினோம்.

அடுத்த வருஷமே காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை. உன் அம்மா மாடியேறி வந்து, "கருமக்கிரியை கார்ட நீயே அடிச்சுக் குடும்மா" என்றார். அழுதுகொண்டே கணினியைத் தட்டினேன். மேளம் இருப்பதே எனக்கு நினைவில்லை. திறந்ததும் முழங்கியது பார், எனக்கு உயிரே போய்விட்டது. நிறுத்தப் பாய்ந்தேன்.

அம்மா என் தோளைப் பிடித்தார். "விடும்மா. அவ கல்யாணத்துல கேக்க வேண்டியது. முடியட்டும்."

இன்றும் என் கணினி பகலில்தான் சார்ஜ் ஆகிறது, இட்லித் தட்டின்மேல். அது திறக்க ஒரு நொடி தாமதித்தாலும் விரல் மேசையைத் தட்டத்தான் செய்கிறது. ஆனால் எந்தக் கல்யாணத்திலாவது கெட்டிமேளம் முழங்கினால், அட்சதையைக் கையில் மூடிக்கொண்டு, அது முடிகிறவரை அசையாமல் நிற்கிறேன் டி.