தேற்றாத்தீவுத் துறையில் நின்ற விளக்கப் பலகையை மீண்டும் நிறுத்தக் கோருதல்

அனுப்புபவர்:
உ. கம்சாயினி,
ஆய்வு உதவியாளர் (ஒப்பந்தம்),
களுதாவளை.

பெறுபவர்:
பணிப்பாளர்,
கீழ்க்கரை நீர்வாழ் ஆய்வு நிலையம்,
மட்டக்களப்பு.

விடயம்: மீன் இறப்புக்கான காரணத்தைத் தமிழில் விளக்கிய பலகை அகற்றப்பட்டமையும், எம்மீது விதிக்கப்பட்ட தடையும்

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த ஓகஸ்ட் 11ஆம் திகதி தேற்றாத்தீவு வாவிக்கரையில் மீன்கள் செத்து ஒதுங்கின. வாவியில் நஞ்சு கலந்துவிட்டதென்ற கதை அன்று மத்தியானத்துக்குள் களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போய்விட்டது. எமது நிலையத்தார் காலை பத்து மணிக்கு நீரை அளந்து, ஒட்சிசன் போதியளவு உள்ளதெனப் பதிவுசெய்து திரும்பினர். மக்களுக்கு எதுவும் கூறப்படவில்லை.

2. நானும் சக ஆய்வாளர் மின்ஹாஜும், கென்யாவின் கிசுமு நகரிலுள்ள ஆய்வு மாணவி அட்டியெனோவும், தாங்கள் ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி இரண்டு வருடங்களாக இணையவழியில் சேர்ந்து வேலை செய்கிறோம். அவரது ஏரியிலும் இவ்வாறு மீன் இறந்ததுண்டு. பாசி மண்டிய நீரில், இரவு முழுதும் பாசியே ஒட்சிசனை உறிஞ்சுவதால், அது விடியுமுன்தான் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கும், வெயில் ஏறியபின் அளந்தால் பிடிபடாது என்று அவர் எச்சரித்தார். ஐந்து விடியற்காலைகள் தோணியில் சென்று அளந்தோம். ஐந்திலும் மீன் உயிர்தரிக்க முடியாத அளவே இருந்தது. ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய மாதிரிகளில் பூச்சிகொல்லி எதுவும் காணப்படவில்லை.

3. இதற்கிடையில், உயிருடன் பிடித்த மீனையும் எவரும் வாங்கவில்லை. மீன் விற்கும் மக்டலின் என்பவர் மூன்று நாட்கள் கூடையோடு திரும்பிவந்தார். எம்மை மறித்து, “செத்த காரணம் தெரிஞ்சா எங்களுக்கும் சொல்லுங்களன் புள்ள. இங்கிலீசில எழுதி எங்க கொண்டுபோய் வைக்கிறீங்க?” என்று கேட்டார். என் ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்றுகூட அவருக்கு வாசிக்கக்கூடிய மொழியில் இல்லை.

4. அன்றே பலகைக்கான விளக்கத்தைத் தமிழில் எழுதத் தொடங்கினோம். முதற்பிரதியை அவரிடமே வாசித்துக் காட்டினேன். “கரைந்துள்ள ஒட்சிசன் வீழ்ச்சி” என்ற இடத்தில் என்னை நிறுத்தி, “மீனுக்கு மூச்சு முட்டிட்டு எண்டு எழுதுங்க” என்றார். அப்படியே எழுதினோம். எமது பிழையையும் இங்கு மறைக்கவில்லை: முதற்பிரதியில் மீன் உண்ணத்தக்கது என்று பொதுவாக எழுதியிருந்தோம். செத்து ஒதுங்கியதை உண்ணக்கூடாது என்பதை, மின்ஹாஜின் மொழிபெயர்ப்பைப் பார்த்த அட்டியெனோ சுட்டிக்காட்டியதும் திருத்தினோம். அனுமதி கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கு மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன். பதில் வராத நிலையில், ஓகஸ்ட் 25ஆம் திகதி மீன்பிடிச் சங்கத்தின் சம்மதத்துடன் துறையில் பலகையை நிறுத்தினோம். எழுத்துமூல அனுமதியின்றி நிறுத்தியது என் முடிவு. அதற்கான பொறுப்பு மின்ஹாஜுக்கு இல்லை.

5. பலகை நான்கு நாட்கள் நின்றது. அதை வாசித்தவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். மக்டலினின் கூடை மூன்றாம் நாள் வெறுமையாக வீடு திரும்பியது. 29ஆம் திகதி நிலைய வாகனம் வந்து பலகையைக் கழற்றிச் சென்றது. முடிவுகள் ஆங்கிலச் சஞ்சிகையில் வெளிவரும்வரை பொதுமக்களிடம் பேசக்கூடாதென்றும், வெளிநாட்டவருடனான தொடர்பை நிறுத்தவேண்டுமென்றும் நிலையத்திலிருந்து எமக்குக் கடிதம் வந்தது. பலகை போனதும், “பொய் எண்டபடியாத்தானே கழட்டினவங்க” என்ற பேச்சுப் பரவியது. சந்தையில் மீண்டும் மீன் தேங்குகிறது. நீரின் நிறம் மறுபடி பச்சையாகி வருவதால் இன்னொரு இறப்பும் நேரலாம்.

6. ஆகையால், பலகையை மீண்டும் நிறுத்தவும், அட்டியெனோவுடனான கூட்டாய்வைத் தொடரவும், விடியற்கால அளவீட்டை நிலையத்தின் நடைமுறையாக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிவடைவதையும், இம்மனு அதன் புதுப்பிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதையும் அறிந்தே இதனை எழுதுகிறேன்.

7. எதிர்வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சங்கக் கட்டடத்தில் எமது அளவீடுகளைத் தமிழில் விளக்கவுள்ளேன். அட்டியெனோ திரையில் இணைவார், மின்ஹாஜ் மொழிபெயர்ப்பார். தாங்கள் வருகைதந்து, நாங்கள் எழுதியதில் பொய்யான வரி ஒன்றைக் காட்டினால், அவ்வரியை மக்கள் முன்னிலையில் நானே அழிப்பேன். காட்ட முடியாதெனில், பலகையைத் தங்கள் வாகனத்திலேயே ஏற்றிவருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நிலையத்தின் பணியாளராகவும் இவ்வாவிக்கரையில் வசிப்பவளாகவும்,

(ஒப்பம்)
உ. கம்சாயினி

இடம்: களுதாவளை
திகதி: 2025.09.15

பிரதி: செயலாளர், மீன்பிடிச் சங்கம், தேற்றாத்தீவு